மச்சானுக்கு மட்டும் விழுந்த திட்டு

சிதம்பரத்தில் என் தங்கை வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலே அடித்திருக்கும் பலகையில் ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கிறது. கனத்த கண்ணாடி. திருகித் திறக்கிற கறுப்பு பிளாஸ்டிக் மூடி. வெந்நீர் ஊற்றினால் கை சுடாமல் இருப்பதற்காக, சிவப்பு நைலான் நூலில் பின்னிய உறை ஒன்று கழுத்துவரை மாட்டியிருக்கிறது. அடியில் தேயிலைக் கறை பழுப்பு வளையமாகப் படிந்து நிற்கிறது. என் தங்கை என்ன போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. நான் மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்த கடிகாரமும் ஒரு காலத்தில் அதே பலகையில்தான் இருந்தது. அது நின்றுபோனதும் எடுத்து உள்ளே எங்கோ வைத்துவிட்டார்கள். குடுவை மட்டும் இடம் மாறவில்லை. அதில் தண்ணீர்கூட ஊற்றி வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அதையும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறார்கள்.

அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும். அது என் தங்கை கணவருக்கு ஒரு சீனாக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. தங்கை கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்; அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர்மேல் எனக்குப் பொறாமை. இதை எழுதக் கூச்சமில்லை. ஊரில் எல்லோரும் எதற்கெல்லாமோ பொறாமைப்படுகிறார்கள்; வீட்டுக்கு, வண்டிக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்குக்கு. நான் பொறாமைப்பட்டது அவர் வாங்கிய திட்டுக்கு.

எனக்குப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. கடலூர் முதுநகர் ஜங்ஷனில் ரயில் ஏறிப் போனவன் அதற்குப் பிறகு ஊரில் தொடர்ந்து ஒரு வருஷம் தங்கியதில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, பம்பாயில் கட்டட வேலை, மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டம், அப்புறம் வளைகுடாவில் இரண்டு நாடு. தோட்டத்தில் பாஸ்போர்ட்டை ஏஜெண்ட் வாங்கி வைத்துக்கொண்டான். திரும்பக் கிடைக்கும்வரை அங்கே இருந்தேன். வளைகுடாவில் தகரக் கொட்டகையில் படுத்திருந்தேன். கோடையில் அங்கே இரவிலும் தூங்க முடியாது, அவ்வளவுதான். அங்கே எகிப்துக்காரர் ஒருவர் எங்களுக்கு இன்ஜினியர். அவர் போர்மேனைத் திட்டுவார், போர்மேன் எங்களைத் திட்டுவார், ஒவ்வொரு படி இறங்கும்போதும் அது பெரிதாகும். எங்கள் எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர்தான், ரஃபீக். நண்பன் என்று பொருளாம். அந்த நண்பர்களில் எவன் எந்த ஊர் என்று திட்டியவருக்குத் தெரியாது. அங்கே கம்பி கட்டக் கற்றுக்கொண்டேன். இந்தி, மலாய், கொஞ்சம் அரபி பேசவும் கற்றுக்கொண்டேன். வேலை வாங்குவது என்றால் தொண்டை என்பதும் அங்கே கற்றதுதான்.

என் தங்கைக்கு 2004-இல் கல்யாணம் நடந்தபோது நான் மலேசியாவில் இருந்தேன். மச்சானை முதன்முதலில் பார்த்தது ஒரு பஸ்ஸில். காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். ஊருக்கு வந்தவன் தங்கை வீட்டு விலாசத்தைத் தேடாமல் நேராக அந்த பஸ்ஸில் ஏறினேன். ஆள் ஒல்லி. தோளில் பை, விரலிடுக்கில் மடித்த நோட்டுகள். ஏறின நேரத்திலிருந்து இறங்கும்வரை அவரை யாராவது திட்டிக்கொண்டே இருந்தார்கள். வண்டியை நிறுத்தவில்லை என்று ஒரு அம்மா, நிறுத்திவிட்டார் என்று டிரைவர், சில்லறை இல்லை என்று ஒரு மாணவன், நெல் மூட்டையை ஏற்றினதற்காகப் பின் சீட்டுக்காரர்கள். சிதம்பரம் பஸ் நிலையத்தில் முதலாளியின் ஆள் வேறு காத்திருந்தான். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. யாரிடமும் முகம் சுளிக்கவும் இல்லை. “உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் ஜாஸ்தி இருக்குது” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி ஒரு சொரணை இல்லாத ஆளுக்கா தங்கையைக் கொடுத்தார்கள் என்று அன்று நினைத்தேன்.

2010-இல் நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, கடலூருக்குத் தெற்கே கடலோரமாக ஒரு மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுகிற வேலையை எடுத்திருந்தது ஒரு சீனக் கம்பெனி. மீன்பிடிக் கிராமங்களிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் நம் ஆட்கள், ஒரிசாவிலிருந்து வந்தவர்கள், மேலே சீனாக்காரர்கள் என்று ஒரு சந்தை போல இருக்கும் அந்த இடம். தலையில் போடுகிற ஹெல்மெட்டின் நிறத்தை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையாட்களுக்கு மஞ்சள். என்னைப் போல ஒரு சிறு குழுவைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு நீலம். போர்மேனுக்கும் இன்ஜினியர்களுக்கும் வெள்ளை. உள்ளே போன அன்றே அந்த வெள்ளை எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நம் பக்கத்துப் போர்மேன் இடம் காலியாக இருந்தது. மூன்று நாடு பார்த்தவன், நாலு பாஷை பேசுகிறவன் அந்த இடத்துக்கு வேறு யார்? இனிமேல் ஏஜெண்டுகளின் வாசலில் நிற்க வேண்டாம், இருக்கிற காலத்தை ஊரிலேயே ஒரு மரியாதையோடு ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மச்சானும் அங்கே வந்து சேர்ந்திருந்தார், ஆனால் கண்டக்டராகத்தான். ஆட்களை ஊர் ஊராக ஏற்றி வர கம்பெனி வாடகைக்கு எடுத்த பஸ்ஸில், தலை எண்ணி ஏற்றுவது அவர் வேலை. அவருக்கு ஹெல்மெட்டே கிடையாது.

எங்கள் பெரிய இன்ஜினியருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. குட்டையானவர், வேகமாக நடப்பார். கையில் எப்போதும் அந்தக் கண்ணாடிக் குடுவை. உள்ளே தேயிலை இலை இலையாக மிதக்கும், நாள் முழுக்க அதிலேயே வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடிப்பார். சிவப்பு உறை அவர் மனைவி பின்னியது என்று பேசிக்கொண்டார்கள். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, முதல் நாள் தப்பு செய்தவனைப் பேர் சொல்லி முன்னால் கூப்பிட்டு, அத்தனை பேர் எதிரிலும் கத்துவார். கத்தி முடித்ததும் மறந்துவிடுவார். மதியம் அதே ஆளின் தோளில் தட்டிச் சிரிப்பார். அவர்கள் ஊரில் அது சாதாரணம் போலிருக்கிறது. சீன ஆட்கள் காலையில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அவர் கூப்பிட்டது ஒரு பெரியவரை. மீன்பிடிக் கிராமத்து ஆள். சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போவதை விட்டவர். இடுப்பில் பெல்ட் மாட்டாமல் உயரத்தில் ஏறியிருந்தார். அவர் உயிருக்காகத்தான் இன்ஜினியர் கத்தினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே வரிசையில் அந்தப் பெரியவருடைய சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். சம்பந்தியின் மகளைப் பெரியவரின் மகனுக்குக் கொடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பெரியவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், வாசலைப் பார்த்து நடந்தார். சம்பந்தியும் தலையைக் குனிந்தபடி பின்னாலேயே நடந்தார். “சம்பந்தி முன்னால ஒரு மனுசன நிக்க வெச்சிட்டான். இனிமே எம்பொண்ணு அந்த வூட்டுல எந்த மூஞ்சோட சோறு போடும்?” என்று வாசலில் நின்றவர்களிடம் அந்தச் சம்பந்தி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. மறுநாள் அந்தக் கிராமத்திலிருந்து பஸ் காலியாக வந்தது. அடுத்த நாள் பக்கத்துக் கிராமமும் ஏறவில்லை.

என்னை அழைத்துக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். என்னிடம் வழி தயாராக இருந்தது: போனவன் போகட்டும், ஒரிசா ஆட்களை இன்னும் கொண்டுவரலாம், நான் இந்தியில் மேய்த்துக்கொள்கிறேன். அதைச் சொல்வதற்காக நான் ஆபீஸ் கொட்டகைப் பக்கம் போனபோது மச்சான் உள்ளே நின்றுகொண்டிருந்தார். பஸ் காலியாக வந்ததைச் சொல்லப் போயிருக்கிறார். பெரிய இன்ஜினியர் மேஜையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். காலி பஸ்ஸுக்குக் கண்டக்டர்தான் காரணம் என்பது போல. மச்சான் பஸ்ஸில் நிற்பது மாதிரியே, காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, விழாமல் நின்றார். கத்தல் ஓய்ந்ததும் தன் நெஞ்சில் விரலை வைத்துச் சொன்னார்:

“சார், டெய்லி மீ ஷவுட். ஒன்லி மீ. தட் பீப்புள் நோ ஷவுட். டுமாரோ பஸ் ஃபுல்.”

இன்ஜினியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடுவையின் மூடியைத் திருகி ஒரு வாய் குடித்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

அன்று சாயங்காலம் மச்சான் அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பஸ் நிறையவில்லை, ஆனால் பாதிக்குமேல் ஆள் இருந்தது. பெரியவரும் வந்திருந்தார், வேலை செய்ய அல்ல, வேடிக்கை பார்க்க. வரிசை நின்றதும் பெரிய இன்ஜினியர் “கண்டக்டர்!” என்று கூப்பிட்டார். மச்சான் முன்னால் போய் நின்றார். ஏணியில் கால் வைத்தே அறியாத அந்த மனிதரை, பெல்ட் மாட்டாமல் ஏறியதற்காக இன்ஜினியர் கத்து கத்தென்று கத்தினார். விழுந்தால் யார் பதில் சொல்வது, பெண்டாட்டி பிள்ளைக்கு யார் சோறு போடுவது, மூளை இருக்கிறதா என்றெல்லாம் கையால் காட்டிக் கேட்டார். மச்சான் “சாரி சார், மை மிஸ்டேக் சார்” என்றார். வரிசையில் முதலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர் பக்கத்தில் திரும்பித் துப்பினார். அப்புறம் யாரும் சொல்லாமலேயே போய் ஒரு பெல்ட்டை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

அந்த வாரமே மச்சானுக்கு வெள்ளை ஹெல்மெட் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தத் திட்டு நடந்தது. சென்ட்ரிங் பலகை சாய்ந்தால் மச்சானுக்குத் திட்டு. சிமெண்ட் மூட்டை நனைந்தால் மச்சானுக்குத் திட்டு. யார் செய்த தப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். செய்தவனுக்கு அதிகமாகவே தெரியும். அவன் நாள் முழுக்க மச்சான் கண்ணில் படாமல் வேலையைச் சரிசெய்துகொண்டிருப்பான். “பாவம்யா, என்னால மனுசன் வாங்கிக் கட்டிக்கினாரு” என்று டீ குடிக்கும்போது சொல்வான். நான் பத்து நாள் தொண்டை கிழியக் கத்தினாலும் ஆட்கள் செய்யாததை அவர் வாயைத் திறக்காமல் செய்ய வைத்தார். எனக்கு அது தந்திரமாகத் தெரிந்தது. சொரணை இல்லாதவனுக்கு வெள்ளைத் தொப்பியா என்று என் குழு ஆட்களிடம் சொல்லியும் பார்த்தேன். ஒருவரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நம் ஆட்களிடம் வேலை முடிந்ததா என்று எந்தப் பெரிய மனிதர் கேட்டாலும் “ஆயிடுச்சு சார்” என்றுதான் வரும். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை. நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். வளைகுடாவில் “பினிஷ் பாஸ்” என்று சொல்லிவிட்டு ராத்திரி உட்கார்ந்து முடிப்போம். மச்சானுக்கு இல்லை என்று சொல்வதில் கூச்சமே கிடையாது. எடம் இல்ல, சில்லற இல்ல, அந்த ஸ்டாப்ல நிக்காது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர்தானே. “நோ சார். நாட் பினிஷ். டூ டேஸ் வேணும்” என்பார். அதற்கும் ஒரு திட்டு விழும். ஆனால் இன்ஜினியர் உடனே போய் அடுத்த வேலையை இரண்டு நாள் தள்ளி வைப்பார். நான் ஆயிடுச்சு என்று சொன்னால் மட்டும் வந்து பார்ப்பார்.

திட்டு முடிந்த பிறகு நடப்பதைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை. கூட்டம் கலைந்ததும் இருவரும் கொட்டகைக்குப் பின்னால் போவார்கள். நான் கம்பி வளைக்கிற இடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். இன்ஜினியர் ஒரு சிகரெட்டை நீட்டுவார். மச்சான் குடிப்பதில்லை, வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், பிறகு டிரைவருக்குக் கொடுப்பார். இன்ஜினியர் குடுவை மூடியில் கொஞ்சம் தேயிலைத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார். மச்சான் ஒரே மடக்கில் விழுங்கி முகத்தைக் கோணுவார். அதைப் பார்த்து அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

“எப்படி மச்சான் இருக்கும் அது?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“வேப்பலக் கசாயம் தோத்துப் போவும். நீங்க நாலு நாடு பாத்தவரு, உங்களுக்குப் புடிக்கும்.”

அவர் என்னிடம் எப்போதும் இப்படித்தான் பேசுவார். நாலு நாடு பாத்தவரு. நாடு மூன்றுதான், நான் திருத்தியதில்லை. என் அம்மா அப்போது தங்கை வீட்டில் இருந்தாள். தெருவில் யார் கேட்டாலும் “எம்மருமவன் சீனாக்காரங்கிட்ட வேல பாக்கறாரு. அவரு இல்லன்னா அங்க ஒண்ணும் நடக்காது” என்பாள். நான் மலேசியாவிலும் மஸ்கட்டிலும் கிடந்த வருஷங்களில் என்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவள் சொன்னது “எங்கியோ இருக்கறான்” என்பதுதான். அதே இடத்தில் அதே சீனாக்காரனிடம் நானும் வேலை பார்க்கிறேன் என்று ஒரு நாள் சொன்னேன். “ஆமாமா, நீயுந்தான்” என்றாள்.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் மச்சானுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணும் நகமும் மஞ்சளாகி, கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டார். ஒரு மாதத்துக்கு எழுந்திருக்கக் கூடாது. அவருடைய இடத்துக்கு என்னைப் போடும்படி அவரே சொல்லி அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது. அப்படியாவது வரட்டும் என்று வாங்கிக்கொண்டேன். வெள்ளை ஹெல்மெட்டை முதல் நாள் தலையில் வைத்தபோது உள் பட்டை எனக்கு இறுக்கமாக இருந்தது. தளர்த்தவில்லை.

எனக்கு வேலை தெரியும். குழுக்களைப் பிரித்துப் போட்டேன், ஒரிசா ஆட்களிடம் இந்தியில் பேசினேன், அவர்கள் அதை விரும்பினார்கள். காலையில் வரிசைக்கு முன்னால் நின்றேன். பெரிய இன்ஜினியர் வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்து, “குட் மார்னிங் மிஸ்டர்” என்றார். அன்றைய வேலையைச் சொன்னார். போய்விட்டார். கத்தல் இல்லை. சின்னச் சின்னத் தப்புகள் நடந்தன, அவர் பார்த்தார், மெதுவாக என்னிடம் காட்டி, “ப்ளீஸ் கரெக்ட்” என்றார். மற்ற சீன இன்ஜினியர்கள்கூட, இந்த ஆள் வந்த பிறகு காலை நேரம் அமைதியாக இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு முதல் வாரம் அது வெற்றியாகத் தெரிந்தது. கொட்டகைக்குப் பின்னால் அவர் தனியாக நின்று புகைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமாக ஒரு முறை, வேலை இருப்பது போல, நடந்து போனேன். அவர் சிகரெட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, நான் கடந்து போவதற்கு ஒதுங்கி வழிவிட்டார்.

இரண்டாவது வாரம் ஒரு தூண் தப்பாக எழும்பிவிட்டது. சென்ட்ரிங் குழு அடையாளக் கயிற்றை மாற்றிக் கட்டியதில், தூண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. கான்கிரீட்டும் இறுகிவிட்டது. இடிப்பதைத் தவிர வழியில்லை. காலையில் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். கயிறு கட்டிய பையன்களின் முகம் செத்திருந்தது. நான் அவர்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு முன்னால் வந்து நின்றேன். மச்சான் நிற்பது போலவே காலை அகட்டி வைத்துக்கொண்டேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை: அந்தத் திட்டு விழட்டும் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். வளைகுடாவில் வாங்கிய திட்டெல்லாம் எனக்குள் விஷமாகத் தங்கியிருக்கிறது. ஆனால் இது வேறு, இதை வாங்கினால் நானும் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் போகலாம்.

பெரிய இன்ஜினியர் வந்தார். தூணைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. குடுவையைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தார். என் பக்கம் திரும்பினார்.

“சாரி சார். மை மிஸ்டேக்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் இளகியது. “நெவர் மைண்ட். ஓகே, மிஸ்டர், ஓகே” என்று சொல்லி என்னைத் தாண்டி நடந்தார். நாலடி போனதும் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.

“கண்டக்டர்!”

அந்தக் குரல் கடல்வரை போயிருக்கும். “ஒய் பில்லர் ராங்? ஒய் யூ ஸ்லீப்? ஐ டெல் யூ டென் டைம்!” என்று ஆரம்பித்து, பாதியில் சீன மொழிக்குப் போய், திரும்ப இங்கிலீஷுக்கு வந்து, தூணைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கத்தினார். சிதம்பரத்தில் காமாலையில் படுத்திருக்கும் மனிதருக்குக் காட்டுவது போலத் தூண் தள்ளி நிற்பதைக் கையால் காட்டினார். வரிசையில் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முதலில் அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்த மீன்பிடிக் கிராமத்துப் பெரியவர்தான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“குடுத்து வெச்சவரு மேஸ்திரி நீங்க. ஒரு வார்த்த வாங்கல பாருங்க” என்றார். ஆறுதலா, குத்தலா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஏறி நேராகச் சிதம்பரம் போனேன். வாசலிலேயே தங்கை பிடித்துக்கொண்டாள்.

“என்னண்ணே பண்ணீங்க அங்க? காய்ச்சக்காரன்னுகூடப் பாக்காம அந்த ஆளு போன்ல அந்தக் கத்து கத்தறான். இவரு என்னடான்னா படுத்துக்கினு சிரிக்கறாரு. எனக்கு ரெண்டு பேரையும் புடிக்கல.”

மச்சான் மஞ்சள் கண்ணோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். “வாங்க மச்சான். எந்தத் தூணு? வடக்கால இருக்கறதா?” என்று கேட்டார்.

“உங்களுக்குக் கோவம் வரலியா?”

“இதுல என்னா கோவம்? டிக்கெட் குடுத்தா சில்லற வர்ற மாரிதான் இதெல்லாம். திட்டி முடிச்சிட்டு என்னா கேட்டாரு தெரியுமா? ரைஸ் ஈட்டான்னாரு. கஞ்சிதான் சார்னேன். அதுக்கும் ஒரு திட்டு.” சொல்லிவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது.

“என்ன ஒண்ணும் சொல்லல மச்சான்.”

“உங்கள எப்படிச் சொல்லுவாரு? உங்க மேல மரியாத.”

அம்மா உள்ளேயிருந்து, “அவன எதுக்குத் திட்டப் போறாங்க” என்றாள். நான் கஞ்சி குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். கையில் வெள்ளை ஹெல்மெட் இருந்தது. வழியில் யாராவது கேட்டால் சொல்லலாம் என்று கொண்டுபோயிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மாதம் முடிந்து மச்சான் திரும்பி வந்த அன்று, வரிசையில் ஆட்கள் கை தட்டினார்கள். பெரிய இன்ஜினியர், இந்த ஒரு மாதத்துக் கணக்கையும் சேர்த்து அவரைத் திட்டினார். நான் நீல ஹெல்மெட்டோடு கம்பி வளைக்கிற இடத்தில் இருந்தேன். அந்த வருஷக் கடைசியில் பெரிய புயல் அடித்துக் கடலூர் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் கொட்டகைகள் காகிதம் மாதிரிப் பறந்தன. அதற்குப் பிறகு வேலை பழைய வேகத்துக்கு வரவேயில்லை. 2012-இல் சீனாக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினார்கள். பெரிய இன்ஜினியர் புறப்பட்ட அன்று எங்கள் எல்லோரிடமும் கை குலுக்கினார். என்னிடம் இரண்டு கையாலும் குலுக்கி, குனிந்து, “தேங்க் யூ மிஸ்டர்” என்றார். மச்சானுக்குக் கை கொடுக்கவில்லை. ஏதோ கத்தினார், வண்டிக் கதவைத் திறந்தார், திரும்ப இறங்கி வந்தார், குடுவையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்திவிட்டுப் போய்விட்டார். உள்ளே தேயிலை மிதந்துகொண்டிருந்தது. மச்சான் அழுதார். பஸ் காலத்திலிருந்து அந்த நாள்வரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு மச்சான் பஸ்ஸுக்கே திரும்பிப் போனார். நான் வழக்கம்போல எங்கெங்கோ போனேன், வந்தேன். போன மாதம் மாலத்தீவில் ஒரு வேலை அமைந்தது. சொல்லிக்கொள்வதற்காகத் தங்கை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்தக் குடுவையைக் கையில் எடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மூடியைத் திருகிப் பார்த்தேன். ஏதாவது வாசனை இருக்கிறதா என்று முகர்ந்தேன். ஒன்றுமில்லை. மூடியை மாட்டும்போது நழுவிவிட்டது. நைலான் உறை இருந்ததால் நொறுங்கவில்லை. வாயிலிருந்து அடிவரை ஒரு விரிசல் மட்டும் ஓடியது.

சத்தம் கேட்டு மச்சான் வந்தார். தரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டேன், தாடை இறுகியது. நான் திட்டுக்காகக் காத்து நின்றேன்.

“பரவால்ல வுடுங்க மச்சான். பொருள்தான” என்றார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினார். “ஏன்டி, எத்தினி வாட்டி சொல்லியிருக்கறேன் ஓரத்துல வெக்காதன்னு? கண்ணு எங்க வெச்சிக்கினு இருக்கற? ஒரு பொருள வெக்கத் துப்பு இருக்குதா?”

தங்கை கரண்டியோடு வெளியே வந்தாள். “ஒடச்சது எங்கண்ணன், திட்டு எனக்கா? நல்லாருக்குது ஞாயம்!”

“நீ ஒழுங்கா வெச்சிருந்தா அவரு கை ஏன் படுது?”

“ஆமா, பெரிய வைரக்கல்லு. புளி போட்டு வெக்கறேன்னு சொன்னேன், வுட்டீங்களா?”

இரண்டு பேரும் மூச்சு வாங்கக் கத்திக்கொண்டார்கள். கத்திக்கொண்டே அவர் தட்டை எடுத்து வைத்தார். கத்திக்கொண்டே அவள் அவருக்குக் குழம்பை ஊற்றினாள். என் பக்கம் திரும்பும்போது மட்டும் இருவருக்கும் குரல் இறங்கிவிடும். “நீங்க உக்காருங்க மச்சான்.” “இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்கண்ணே, ஊருக்குப் போறவரு.”

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் குடுவையைப் பலகையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்கள். விரிசல் என் கண்ணில் படாமல், அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.